தேனீக் கூட்டம் பிடிக்க ஆள் கூப்பிடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் ஊவாவில், அப்புத்தளைக்கும் வெலிமடைக்கும் இடைப்பட்ட தோட்டங்களிலும் மரக்கறிக் கிராமங்களிலும் தேனீக் கூட்டம் பிடிக்கப் போகிறவன் நான். பிழைப்பு தோட்டத்து வேலைதான். பூச்சி பிடிக்கப் போவது பொழுது சாய்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும். போனில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் இங்கே ஒரு தடவை விரிவாக எழுதி வைக்கிறேன். நான் வந்து சேர்வதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்வதை வைத்துத்தான் அந்தக் கூட்டம் பிழைக்கும், அல்லது சாகும். அதனால் தயவுசெய்து படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

கொய்யா மரத்தில் பலாப்பழம் மாதிரி ஒரு கொத்து தொங்குகிறது. காலையில் இல்லை. என்ன அது?

தாய்க் கூட்டிலிருந்து பிரிந்து வந்த கூட்டம். கூட்டில் ஆள் பெருகி, பூவும் தேனும் தாராளமாக இருக்கும் காலத்தில், பழைய ராணி ஒரு பங்கு தேனீக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். புது ராணிக்கு வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு கிளையில் தங்கும். வேவு பார்க்கும் தேனீக்கள் மரப்பொந்து, பாறை இடுக்கு, சுவர் ஓட்டை என்று தேடி, இடம் அகப்பட்டதும் கொத்து முழுவதும் எழுந்து போய்விடும். சில மணி நேரத்திலும் போகலாம், ஓரிரு நாளும் தங்கலாம்.

கிளம்பும்போது வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வருவதாலும், காப்பாற்றுவதற்குக் குஞ்சோ அடையோ இல்லாததாலும், அந்த நேரத்தில் அவை கொட்டுவது அபூர்வம். நாம் சீண்டினால் கதை வேறு.

நீங்கள் வரும்வரை நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பிள்ளைகளையும் நாயையும் உள்ளே எடுங்கள். ஆடு மாடு பக்கத்தில் கட்டியிருந்தால் அவிழ்த்து அப்புறம் கொண்டுபோங்கள். பிறகு சும்மா இருங்கள்.

கல் எறியாதீர்கள், தண்ணீர் பீய்ச்சாதீர்கள், மண்ணெண்ணெய் தெளிக்காதீர்கள், கொசுவுக்கு அடிக்கும் மருந்தை அடிக்காதீர்கள். மருந்து பட்ட கூட்டத்தை நான் தேனீப் பெட்டியில் போட்டாலும் இரண்டு நாளில் எல்லாம் செத்துப்போகும். வந்து இறங்கியதும் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் எனக்குக் கை ஓடாது. அரை மணி நேரம் பொறுத்திருந்தால் உயிரோடு போயிருக்கும் ஐயாயிரம், பத்தாயிரம் உயிர், காலடியில் நெளிந்துகொண்டிருக்கும்.

தேனீயா, குளவியா? போனில் எப்படிச் சொல்வது?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். நம் தோட்டங்களில் கொட்டுகிற எல்லாவற்றுக்கும் குளவி என்றுதான் பெயர். ‘குளவி கொட்டித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில்’ என்று செய்தி வரும்போது, பல தடவை அது குளவியே இல்லை, மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். அதனால் கூப்பிடும்போது பெயரைச் சொல்லாதீர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்.

உயரமான மரக்கிளையிலோ பாறையிலோ பாலத்துக்கு அடியிலோ, வெளியே தெரிகிற மாதிரி ஒரே ஒரு பெரிய அடை, முறம் போல அல்லது அதைவிடப் பெரிதாகத் தொங்கினால் அது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பொந்துக்குள்ளோ சுவருக்குள்ளோ அடுக்கடுக்காகப் பல அடை கட்டியிருந்தால் அதுதான் நான் தேடி வரும் தேனீ. பந்து போலவோ பானை போலவோ, கடதாசியால் செய்தது போன்ற கூடு என்றால் அது உண்மையான குளவி. சுவர் ஓட்டையில் மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டு, கொசு அளவு பூச்சி வந்து போனால் கொசுத்தேனீ. அதற்குக் கொடுக்கே கிடையாது, பாவம், விட்டுவிடுங்கள். முடிந்தால் தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு தடவை ‘தேன்பூச்சி, சின்னக் கூடுதான்’ என்று சொல்லி ஒரு தோட்டத்திலிருந்து அழைத்தார்கள். இரண்டு பஸ் மாறி, பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் உள்ள மரத்தில் நாற்பது அடி உயரத்தில் மலைத்தேனீ. ‘இதைத் தொடக் கூடாது, பருவம் மாறினால் தானே போய்விடும், அதுவரைக்கும் பிள்ளைகளை முன்வாசல் வழியாக மட்டும் விடுங்கள்’ என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. ‘இதைச் சொல்லவா தம்பி வந்தீங்க?’ என்று ஒரு பெரியவர் கேட்டார். தேத்தண்ணி கூட இல்லாமல் திரும்பினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி சில பொடியன்கள் கம்பில் துணி சுற்றிக் கொளுத்திக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். அடை பாதி எரிந்து கீழே விழ, மிச்சத் தேனீ வெளிச்சம் தெரிந்த லயத்துக் காம்பராக்களுக்குள், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குள், புகுந்துவிட்டது. ஆறேழு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த நாள் எனக்கு வந்த போனில் கேட்ட கேள்வி, ‘அன்றைக்கே நீங்கள் பிடித்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?’ என்பது. நல்ல வேளை, எல்லாரும் வீடு திரும்பினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதும் என் வேலையில் ஒரு பங்கு என்பதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

மலைத்தேனீ இடம் பெயர்கிற இனம். பூவைத் தேடி மலைக்கும் கீழ்நாட்டுக்கும் போய் வரும். அதே மரத்துக்கே மறு வருஷமும் வரக்கூடும். ஆள் நடமாட்டம் உள்ள இடமாகி, எடுத்தே ஆகவேண்டும் என்றால், பாதுகாப்பு உடையோடு அதைச் செய்யப் பழகியவர்களைத் தோட்ட நிர்வாகமோ பிரதேச சபையோ ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு தனி ஆள் ஏணியோடு செய்கிற வேலை அல்ல.

மலையில் கொழுந்து எடுக்கும்போது மலைத்தேனீ கலைந்துவிட்டால்?

ஓடுங்கள். முதலில் தலையில் மாட்டியிருக்கும் கூடையையோ பையையோ கழற்றி விடுங்கள். கொழுந்து போகட்டும். பையைக் காப்பாற்றப் போய் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இடுப்பில் கட்டியிருக்கும் படங்கையோ துணியையோ எடுத்து முகத்தை, முக்கியமாக வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, கதவுள்ள ஒரு கட்டடத்துக்கோ வண்டிக்கோ போய் அடையுங்கள். கையை வீசி அடித்தால் இன்னும் வரும். ஒன்று கொட்டியதும் அந்த இடத்தில் ஒரு வாடை கிளம்பும், பழுத்த வாழைப்பழம் போல. மற்றத் தேனீக்களுக்கு அதுதான் அடையாளம். ஓடையிலோ தண்ணீர்த் தொட்டியிலோ குதிக்க வேண்டாம், தலையைத் தூக்கும் வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பத்திரமான இடத்துக்கு வந்ததும் கொடுக்குகளை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள். தேனீயின் கொடுக்கு தோலில் தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு விநாடியும் கணக்கு. மூச்சு முட்டினால், தொண்டை, உதடு, நாக்கு வீங்கினால், தலை சுற்றினால், ஒரே ஒரு கொட்டு என்றாலும் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம். வாந்தி எடுத்தாலோ, நிறையக் கொட்டு வாங்கியிருந்தாலோ, ஒன்றுமில்லை என்று வீட்டில் படுக்கவைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பல நேரம் கலைப்பது மனிதரே இல்லை. தேன்பருந்து அடையைப் பிய்க்க வரும். அது பறந்துவிடும், கோபம் கீழே நிரையில் நிற்பவர்கள் மேல் இறங்கும். அதனால் எந்த மலையில், எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டிலேயே கங்காணியிடம் சொல்லிவிடுங்கள்.

எதற்குப் பொழுது சாயும்போது வருகிறீர்கள்? பகலில் வந்தால் என்ன?

பகலில் பாதிப் பேர் வெளியே மேய்ச்சலில் இருப்பார்கள். அப்போது கூட்டைத் தூக்கினால், சாயங்காலம் திரும்பி வருகிறவை வீடில்லாமல் உங்கள் சுவரிலேயே திரண்டு நின்று இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். பிரிந்து வந்த கொத்தைப் பகலிலேயே பெட்டியில் தட்டலாம், ஆனால் பெட்டியை மரத்தடியில் வைத்துவிட்டு, இருட்டும் வரை காத்திருந்துதான் எடுப்பேன்.

அப்படிக் காத்திருக்கும்போது ஒரு காட்சி உண்டு, கூட வந்து பாருங்கள். ராணி பெட்டிக்குள் போய்விட்டால், வாசலில் நாலைந்து தேனீ தலையைத் தாழ்த்தி, வாலைத் தூக்கி, இறக்கையை விசிறும். ‘இங்கே இருக்கிறாள், வாருங்கள்’ என்று வாடையை அனுப்புகிறது. பிறகு வெளியே நிற்பவை பெருநாளுக்குக் கோயிலுக்குள் நுழைகிற கூட்டம் மாதிரி வரிசையாக உள்ளே நடக்கும். ராணி கிளையிலேயே தங்கிவிட்டால் விசிறல் இருக்காது, உள்ளே போட்டதெல்லாம் அரை மணியில் மறுபடி கிளைக்கு ஏறிவிடும். என் முதல் வருஷத்தில் ஒரே கூட்டத்தை நாலு தடவை தட்டியிருக்கிறேன். ராணி ஒரு இலைக்கு மறுபுறம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு காசு கேட்பீர்கள்? தேனையும் நீங்கள்தானே எடுத்துக்கொண்டு போகிறீர்கள்?

பிரிந்து வந்த கூட்டத்தில் தேன் இல்லை. இருப்பது அவற்றின் வயிற்றில், புது அடை கட்டுவதற்கு. அந்தக் கூட்டத்தை நான் சீனிப்பாகு கொடுத்து வளர்க்க வேண்டும். நம் நாட்டுத் தேனீ ஐரோப்பியத் தேனீ அளவுக்கு அள்ளிக் கொடுக்கும் இனமும் அல்ல. அடுத்த பூக் காலம் வரைக்கும் பிழைத்தால்தான் ஏதாவது.

நான் கேட்பது போக்குவரத்துச் செலவு மட்டும். பெட்டியோடு பஸ்ஸில் இப்போது ஏறுவதில்லை, மற்றவர்களுக்கு ஆபத்து. அதனால் ஆட்டோ பிடிக்க வேண்டும். வேலை நாளில் அவசரம் என்று கூப்பிட்டால் என் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும் என்பதையும் யோசியுங்கள். ‘பூச்சி உங்களுக்கு இலவசமாகத்தானே கிடைக்கிறது’ என்று ஒரு கடை முதலாளி ஆட்டோக்காரரையும் என்னையும் வாசலில் நிற்கவைத்தே பேசினார். அவர் கடைக் கூரையில் நாலு மணி நேரம் நின்றிருந்தேன். என் இடது கண் மூடி வீங்கியிருந்தது. பணத்தைவிட அந்தப் பேச்சுத்தான் இன்னும் வலிக்கிறது. மறுபுறம், ஒரு லயத்து அம்மா, கையில் காசில்லாமல், அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும் இலையில் சுற்றிக் கொடுத்து ‘கவனமா கொண்டுபோ மகன்’ என்றார். அந்தக் கூட்டம் இரண்டு வருஷமாக நன்றாக இருக்கிறது.

சுவருக்குள் அல்லது சீலிங்குக்குள் கூடு கட்டிவிட்டது. அதை எடுக்க முடியுமா?

முடியும். ஆனால் அது வேறு வேலை. பலகையைக் கழற்ற வேண்டும், சில நேரம் உடைக்க வேண்டும். வீட்டுக்காரர் முன்கூட்டியே சம்மதிக்காமல் நான் கை வைக்க மாட்டேன். தோட்டத்து லயம் என்றால் தோட்டத்துக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

இதையும் பட்டுத்தான் கற்றேன். ஒரு லயத்துக் கூரையில் கூடு எடுக்கும்போது கால் வைத்த சீட் நடுவில் பிளந்துவிட்டது. மழைக்காலம். கூடு எடுத்ததைப் பற்றி யாரும் பேசவில்லை, சீட்டைப் பற்றித்தான் பேச்சு. புதுச் சீட்டும் ஆணியும் வாங்கி நானே அடித்துக்கொடுத்தேன், அது நியாயமும்தான். இப்போது ஏறுவதற்கு முன் மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்த்து, அதன் மேல்தான் கால் வைப்பேன்.

எடுக்கும் முறை: லேசாகப் புகை போட்டு, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, புழு உள்ள அடையை மட்டும் பெட்டிச் சட்டத்தில் வாழை நாரால் கட்டுவேன். இரண்டு மூன்று நாளில் தேனீக்களே மெழுகால் ஒட்டிக்கொள்ளும், நார் தேவைப்படாது. தேன் அடையைப் பெட்டிக்குள் வைப்பதில்லை. ஒழுகினால் எறும்பு வந்துவிடும். கடைசியில் பழைய மெழுகைச் சுரண்டி, ஓட்டையைச் சீமெந்தால் அடைப்பது உங்கள் பொறுப்பு. அடைக்காமல் விட்டால் மெழுகு வாடைக்கு அடுத்த வருஷம் இன்னொரு கூட்டம் அதே இடத்துக்கு வரும்.

உள்ளேயே மருந்தடித்துக் கொன்றுவிடலாமே என்று கேட்கிறவர்களுக்கு: காக்க ஆளில்லாத தேன் சுவர் வழியே ஒழுகும், புழு அழுகி நாறும், மெழுகுப் பூச்சியும் எறும்பும் குடியேறும். கடைசியில் அந்தச் சுவரை எப்படியும் உடைக்க வேண்டிவரும்.

கொண்டுபோகும் வழியில் செத்துப்போகுமா?

கவனமில்லாவிட்டால் போகும். என் கையாலேயே ஒரு கூட்டம் போயிருக்கிறது.

தியத்தலாவைப் பக்கம் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து எடுத்த நல்ல பலமான கூடு. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார் என்று பகலிலேயே எடுத்து, வாசலைத் துணியால் இறுக்கி அடைத்து ஆட்டோவில் ஏற்றினேன். வழியில் ரோட்டு வேலை, ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றோம். பெட்டிக்குள் இரைச்சல் ஏறிக்கொண்டே வந்தது. பிறகு குறைந்தது. அடங்கிவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் மூடியைத் திறந்தபோது, கட்டியிருந்த அடையெல்லாம் சூட்டில் இளகி நாரை விட்டு நழுவி அடியில் குவிந்திருந்தது. அதன் மேல், தேனில் நனைந்து கறுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. ஒரு கையளவு மட்டும் மூலையில் அசைந்தது. ராணி அதில் இல்லை.

தேனீ பயந்தால் உடம்புச் சூடு ஏறும், காற்று வேண்டும். இப்போது என் பெட்டிகளுக்கு மூடிக்குப் பதில் கம்பி வலை போட்ட சட்டம் இருக்கிறது, வாசலிலும் வலைதான். ராத்திரியில் மட்டும்தான் கொண்டுபோகிறேன். யார் அவசரப்படுத்தினாலும் இதில் இறங்கி வர மாட்டேன்.

நீங்கள் எங்களுக்குப் பெட்டியில் போட்டுத் தந்த கூட்டம் மூன்றே நாளில் ஓடிவிட்டது. ஏமாற்றிவிட்டீர்களா?

இல்லை. நம் தேனீயின் குணமே அது: பிடிக்காவிட்டால் கூண்டோடு கிளம்பிவிடும். எறும்பு ஏறினாலும், வெயில் நேரே பட்டாலும், தீனி இல்லாவிட்டாலும், நாளுக்கு மூன்று தரம் திறந்து பார்த்தாலும் போகும். இந்தக் கடைசிக் காரணம்தான் அதிகம். ஆசை புரிகிறது, ஆனால் முதல் ஒரு வாரம் சாயங்காலம் தீனி வைப்பதற்குத் தவிர திறக்காதீர்கள். பெட்டிக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பேணிகளில் வையுங்கள். சாயங்காலம் சீனியும் தண்ணீரும் சரிபாதி கலந்து உள்ளே வையுங்கள், வெளியே சிந்தக் கூடாது. வேறு கூட்டிலிருந்து புழு உள்ள ஒரு சட்டம் கொடுக்க முடிந்தால் நான் கொடுத்துவிட்டுப் போவேன். குஞ்சு இருக்கும் வீட்டை விட்டுப் போக அவற்றுக்கும் மனம் வராது.

மரக்கறித் தோட்டத்தில் பெட்டி வைத்தால் விளைச்சல் கூடுமா?

பயிரைப் பொறுத்தது. கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்குத் தேனீயால் நேரடி லாபம் இல்லை; நாம் உண்பது காயோ பழமோ அல்ல. விதை எடுக்கக் கோவா, கரட், லீக்ஸ் விட்டால் மட்டும் வேண்டும். போஞ்சி தானே காய்த்துக்கொள்ளும். தக்காளிப் பூவை அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். அது கருவண்டு போன்றவை செய்யும் வேலை, தேனீக்கு அது வராது. தக்காளிக்காக என்னிடம் பெட்டி கேட்டு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். பெட்டி தர மனமில்லை என்று நினைத்துக்கொண்டு போனார்.

பூசணி, பாகல், பீர்க்கு, கெக்கரிக்காய் போடுகிறவர்கள்தான் என்னைத் தேட வேண்டும். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூசணிப் பூ விடியலில் விரிந்து மத்தியானத்துக்குள் வாடிவிடும், அதற்குள் ஒரு பூச்சி போய்வர வேண்டும். பிஞ்சு மஞ்சளித்து உதிர்வதற்கும், காய் ஒரு பக்கம் சூம்பிப் போவதற்கும் பல நேரம் உரக் குறை காரணமில்லை, பூச்சிக் குறைதான். அவகாடோவுக்கும் நல்லது. அதன் பூ ஒரு தடவை பெண்ணாக விரிந்து மூடி, பிறகு ஆணாக விரியும். மரத்துக்கு மரம் மகரந்தம் கொண்டுபோக ஆள் வேண்டும். ஏலக்காய்ப் பூவுக்கு ஒரு நாள் ஆயுள். தேனீ இல்லாவிட்டால் காய் பிடிக்காது.

பெட்டி வைத்தால் மருந்தடிப்பதை நிறுத்த வேண்டுமா?

நிறுத்தச் சொல்லவில்லை. அடிப்பதற்கு முதல் நாளே எனக்குச் சொல்லுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். பூச்சி மருந்தை, பூ வாடிய பிறகு, பொழுது சாய்ந்து அடியுங்கள். முதல் நாள் சொன்னால் ராத்திரியே வந்து பெட்டியைத் தூக்கிவிடுவேன், அல்லது வாசலுக்கு வலை போட்டு மூடுவேன்.

ஒரு பூசணித் தோட்டத்தில் மூன்று பெட்டி வைத்திருந்தேன். தோட்டக்காரர் நல்ல மனிதர், எனக்குப் பழக்கம். கூலிக்கு வந்தவர் காலை எட்டு மணிக்கு, எல்லாப் பூவும் விரிந்திருக்கும் நேரத்தில், வண்டுக்கு மருந்து அடித்துவிட்டார். நான் சாயங்காலம் போனபோது ஒவ்வொரு பெட்டி முன்னாலும் கைப்பிடி கைப்பிடியாகக் கிடந்தன, நாக்கு வெளியே நீண்டபடி. உயிரோடிருந்தவை நேராக நடக்க முடியாமல் சுழன்றன. கால்களில் மஞ்சள் மகரந்தம் அப்படியே இருந்தது. தோட்டக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, மருந்து அடிக்கும் ஆளை நேரில் பார்த்துப் பேசாமல் எந்தத் தோட்டத்திலும் பெட்டி இறக்குவதில்லை.

நானும் இதைப் பழகலாமா?

கட்டாயம். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருந்தால் இவ்வளவு கூட்டம் எரிந்து போகாது. பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்தி நிலையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். உங்கள் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்கலாம், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை எண்ணான 1920க்குப் போன் எடுத்தும் கேட்கலாம். முதல் வருஷம் தனியாகப் போகாதீர்கள். உங்களுக்குக் கொட்டினால் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்பது தெரியாமல் ஏணியில் ஏறாதீர்கள்.

கூப்பிட்டோம், ஆனால் நீங்கள் வருவதற்குள் கூட்டம் போய்விட்டது. சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். வழியிலிருக்கும் என்னைத் திருப்பி அனுப்ப ஒரு போன் போதும். எந்தப் பக்கம் பறந்தது என்று பார்த்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தத் திசையில் உள்ள வீடுகளில் ஒன்றிலிருந்து ஓரிரு நாளில் எனக்கு அழைப்பு வரும்.